பலிக்காத மருந்துகளின் கணக்கு எங்கே?

மூளையைப் பாதுகாக்கும் மருந்துகளைத் தேடும் ஆராய்ச்சியாளர்களுக்கும், அந்தத் தேடலுக்குப் பணம் ஒதுக்கும் அமைப்புகளுக்கும், முடிவுகளை அச்சிடும் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் பக்கவாதம் வந்து பிழைத்தவன். வலது கை பாதிதான் திரும்பியிருக்கிறது. பேச்சு பெரும்பாலும் வந்துவிட்டது, அவசரப்பட்டால் மட்டும் சொல் தொண்டையில் நின்றுவிடும். இந்த மடலை இடது கையால்தான் தட்டுகிறேன். அதனால் அலங்காரத்துக்காக ஒரு வரிகூட இதில் இருக்காது என்று தைரியமாக நம்பலாம். மருத்துவம் படித்தவன் இல்லை. கணக்குத் தணிக்கை என் தொழில். வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு, பொழுது போக வேண்டுமே என்று உங்கள் துறையின் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. புரிந்த பிறகு தூக்கம் போனது.

புது மருந்து எப்போது வரும் என்று கேட்க இதை எழுதவில்லை. அது உங்கள் கையில் மட்டும் இல்லை என்று தெரியும். நான் கேட்பது பலிக்காத மருந்துகளின் கணக்கை. எது பலிக்கவில்லை, எந்த விலங்கில் பார்த்தீர்கள், மூளையின் ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு எவ்வளவு நேரம் கழித்துக் கொடுத்தீர்கள், யார் அளந்தார்கள் என்ற முழு விவரம். அது ஆய்வக மேசையின் இழுப்பறையிலும் நிறுவனத்தின் கோப்பிலும் கிடக்கக் கூடாது.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், ஆனால் இந்த மடலை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைபட்டால் அது ஊட்டிக்கொண்டிருந்த பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் சாவதில்லை. 1970களில் லண்டனில் லிண்ட்சே சைமன் குழுவினர் பபூன் குரங்குகளின் மூளையில் ரத்த ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார்கள். சாதாரணமாக 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்கு 50 மில்லி அளவில் ரத்தம் போகும். அது 20க்குக் கீழே இறங்கினால் நரம்பணுக்களின் மின் செயல்பாடு நின்றுவிடுகிறது, ஆனால் அணு உயிரோடுதான் இருக்கிறது. 10ஐ ஒட்டி இறங்கும்போதுதான் அதன் சுவர் தாங்காமல் பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது. இந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, வேலை செய்யாமல், ஆனால் சாகாமலும் கிடக்கிற பகுதியைத்தான் பெனம்ப்ரா என்கிறீர்கள். அஸ்ட்ரப், சீஸ்யோ, சைமன் மூவரும் 1981-ல் எழுதிய கட்டுரை அந்தப் பெயரை நிலைக்கச் செய்தது.

என் போன்றவர்களின் வாழ்க்கை அந்தப் பகுதியில்தான் தீர்மானமாகிறது. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-ல் ஜெஃப்ரி சேவர் கணக்குப் போட்டார். விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் எல்லாம் இந்த எண்ணைப் பார்க்கலாம். ஒரு சின்ன விண்ணப்பம்: பிழைத்தவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் இதை ஒட்டும்போது, இது சராசரி, ஆளுக்கு ஆள் பெரிய அளவில் மாறும் என்பதையும் பக்கத்தில் சேருங்கள். மருத்துவமனைக்கு வந்து சேர எத்தனை நிமிடம் ஆனது என்பதை வைத்துப் பெருக்கிப் பார்க்காத நோயாளி கிடையாது.

அடைப்பை நீக்கும் வழிகள் வந்துவிட்டன. 1995-ல், அடைத்துக்கொண்ட ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து, 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் என்று நிரூபணமானது. 2015-ல் ஐந்து சோதனைகள் அடுத்தடுத்து வந்து, தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுப்பது பலன் தருகிறது என்று காட்டின. அந்த ஐந்தையும் சேர்த்து 1,287 பேரின் தரவை அலசியபோது, கட்டியை எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் 90 நாளில் பிறர் உதவியின்றி வாழும் நிலைக்கு வந்திருந்தார்கள், எடுக்காதவர்களில் 26.5 சதவீதம். அபாரமான முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் மீதி 54 சதவீதத்தையும் பாருங்கள். இந்தச் சிகிச்சை பெற்றும் பாதிப் பேருக்கு மேல் அந்த நிலைக்கு வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் நீங்கள் தேடுகிற மருந்து. ஆகவே இந்தத் துறையையே மூடிவிடலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முன்பு மருந்து போக வழியே இல்லாமல் அடைபட்டிருந்த இடத்துக்கு இப்போதுதான் வழி திறந்திருக்கிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

2006-ல் ஓ'காலின்ஸ் குழுவினர் ஒரு பட்டியல் தயாரித்தார்கள். பக்கவாதத்துக்கு அதுவரை ஆய்வகங்களில் பரிசோதிக்கப்பட்ட சிகிச்சைகள் 1,026. அவற்றில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டவை 114. எண்ணிக்கையைவிட என்னை உலுக்கியது அந்தக் கட்டுரையில் இருந்த இன்னொரு விஷயம்: மனிதர்களிடம் கொண்டுபோன மருந்துகள், கொண்டுபோகாமல் விட்ட மருந்துகளைவிட விலங்குகளில் ஒன்றும் சிறப்பாக வேலை செய்திருக்கவில்லை. அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுத்தீர்கள்? காப்புரிமை யாரிடம் இருந்தது, யாரிடம் பணம் இருந்தது என்பதை வைத்தா? என் தொழிலில் இப்படி ஒரு கோப்பு வந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புவோம்.

டிரிலசாட் என்ற மருந்தின் கதையைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நடந்தேன் (எனக்கு அது சுலபமான காரியம் இல்லை). விலங்குகளில் அது மூளைச் சேதத்தின் அளவைக் கிட்டத்தட்ட 29 சதவீதம் குறைத்திருக்கிறது. மனிதர்களில் மரணமும் ஊனமும் சேர்ந்த கணக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடியது. ஏன் என்று 2007-ல் பின்னோக்கிப் பார்த்தவர்கள் கண்டது: விலங்குகளுக்கு அந்த மருந்து, அடைப்பு ஏற்படுத்திய 10 நிமிடத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது. மனிதர்களுக்கு 5 மணி நேரத்தில். இரண்டுமே நடுமதிப்பு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண். பத்து நிமிடத்தில் மருந்து ஏற்ற வேண்டுமென்றால் நோயாளி ஏற்கெனவே மருத்துவமனைக் கட்டிலில், கையில் ஊசியோடு, பக்கவாதம் வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க 2007 வரை ஆனது ஏன் என்பதுதான் என் கேள்வி. தரவுகள் முன்பே இருந்தன. ஒரே இடத்தில் வைத்துக் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை.

நிமோடிபின் என்ற மருந்தின் விஷயமும் இப்படித்தான். மனிதர்களிடம் சோதனைகள் எல்லாம் நடந்து முடிந்த பிறகு, 2001-ல், விலங்கு ஆய்வுகளை முறையாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதச் சோதனையைத் தொடங்கும் அளவுக்கு ஆதாரம் அங்கே இருக்கவில்லை.

என்.எக்ஸ்.ஒய்-059 என்ற மருந்தின் கதைதான் உங்கள் துறைக்கே பெரிய அடி என்று நினைக்கிறேன். 1999-ல் நீங்களே கூடி விலங்கு ஆய்வுகளுக்கு ஸ்டேர் என்ற பெயரில் பரிந்துரைகள் வகுத்தீர்கள். அந்தப் பரிந்துரைகளைப் பெரிதும் பின்பற்றிய மருந்து இது என்றார்கள். எலியிலும் மார்மோசெட் குரங்கிலும் பலன் தெரிந்தது. 2006-ல் வெளியான செயின்ட்-1 சோதனையில், 1,722 பேரில், ஓரளவு நன்மை தெரிந்தது. அதே ஆண்டு முடிவதற்குள் இரண்டாவது சோதனை கைவிரித்துவிட்டது; 3,306 பேரைச் சேர்த்த செயின்ட்-2 கட்டுரை 2007-ல் வெளியானபோது அதில் பலன் ஒன்றும் இல்லை. நிறுவனம் மருந்தைக் கைவிட்டது.

அதன் பிறகு மால்கம் மேக்லியோட் குழுவினர் அந்த மருந்தின் விலங்கு ஆய்வுகளைத் திரும்பத் திறந்து படித்தார்கள். எந்த விலங்குக்கு மருந்து, எதற்குப் போலி மருந்து (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தில்லாத வெற்று ஊசி) என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்த ஆய்வுகளில் தெரிந்த பலன், அப்படிச் செய்யாத ஆய்வுகளில் தெரிந்ததில் பாதிகூட இல்லை. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. ரத்தக்கொதிப்பு உள்ள விலங்குகளில் பார்த்த ஆய்வுகளோ மிகச் சில. யாரும் மோசடி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எந்த எலிக்கு மருந்து போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டே அதன் மூளையில் சேதமான ஓரத்தைக் கோடு போட்டு அளந்தால், நல்ல மனசுள்ளவர் கையும் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் போடும். தணிக்கையில் இதற்காகத்தான் பணம் வாங்கினவரையே சரிபார்க்க விடுவதில்லை.

இங்கே அந்த எலியைப் பற்றி இரண்டு வார்த்தை. உங்கள் ஆய்வுகளில் அதிகம் வருவது இளம் ஆண் விலங்கு. சர்க்கரை நோய் இல்லை, கொதிப்பு இல்லை, வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. அதன் மூளையில் நரம்பிழைகள் ஓடும் வெண்பொருள் மிகக் குறைவு. மனித மூளையிலோ பாதியளவு வெண்பொருள். நரம்பணுவின் உடலை மட்டும் காத்து, அதன் இழையைக் காக்காத மருந்து அங்கே வெற்றிபெற்று இங்கே தோற்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இது தவிர இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்த கண்டுபிடிப்பு. சுண்டெலி இரவில் நடமாடும் பிராணி. பகலில் தூங்கும். ஆராய்ச்சியாளர் பகலில் வேலைக்கு வருகிறார். அதாவது சுண்டெலிக்குப் பக்கவாதம் உண்டாக்குவது அதன் நடுநிசியில். மனிதச் சோதனைகளில் சேர்பவர்களோ பெரும்பாலும் விழித்திருக்கும் நேரத்தில் பக்கவாதம் வந்தவர்கள். 2020-ல் எங் லோ குழுவினர் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள். முன்பு மனிதர்களிடம் பலிக்காமல் போன மூன்று வகைச் சிகிச்சைகளை எடுத்து, சுண்டெலியின் ஓய்வு நேரத்தில் கொடுத்தபோது மூளைச் சேதம் குறைந்தது. அது சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில் கொடுத்தபோது குறையவில்லை. சுறுசுறுப்பான நேரத்தில் காப்பாற்றக்கூடிய பெனம்ப்ராவே குறுகலாக இருந்தது. இத்தனை ஆண்டுத் தோல்விக்கும் இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அவர்களும் சொல்லவில்லை. ஆனால் எத்தனை மணிக்குச் செய்தோம் என்பதைக் குறித்துவைக்கச் செலவே கிடையாது. கட்டுரையின் செய்முறைப் பகுதியில் ஒரே ஒரு வரி.

இனி ஆசிரியர்களுக்கு. எமிலி சேனா குழுவினர் 2010-ல் பக்கவாத விலங்கு ஆய்வுக் கட்டுரைகள் 525ஐ அலசினார்கள். மூளைச் சேதத்தின் அளவில் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை என்று சொன்னவை அவற்றில் வெறும் 10. நூற்றுக்கு இரண்டு! மனிதர்களிடம் ஏறத்தாழ எல்லாமே தோற்ற ஒரு துறையில், விலங்குக் கட்டுரைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வெற்றி. வரவை மட்டும் எழுதி, செலவுப் பக்கத்தைக் காலியாக விட்ட பேரேடு மாதிரி இருக்கிறது இது. அச்சாகாமல் போன ஆய்வுகளையும் ஊகித்துச் சேர்த்தால், சராசரிப் பலன் 31 சதவீதத்திலிருந்து 24 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது என்று கணக்கிட்டார்கள். அந்த ஏழு புள்ளி வித்தியாசத்தில் எத்தனை மனிதச் சோதனைகள் தேவையில்லாமல் தொடங்கப்பட்டிருக்கும்? அந்த விலங்குகளும் செத்தவைதானே, அவற்றின் முடிவும் அச்சாகட்டும். 'புதுமை இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு மருந்து பலிக்கவில்லை என்பதைப் போல எங்களுக்கு உபயோகமான செய்தி வேறு அதிகம் இல்லை.

ஒன்றும் மாறவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடந்த ஸ்பான் திட்டத்தைப் படித்தபோது நிஜமாகவே மகிழ்ச்சியாக இருந்தது. ஆறு ஆய்வகங்கள், ஆறு சிகிச்சைகள், 2,600க்கும் மேற்பட்ட விலங்குகள். ஆண், பெண் இரண்டும். இளசு மட்டும் இல்லை, வயதானவை, கொழுப்புத் தீனியால் பருத்தவை, ரத்தக்கொதிப்பு உள்ள எலிகள் எல்லாம் உண்டு. அளவீடு எளிமையானது: இரண்டு பலகைகள் குறுகலான கோணத்தில் சேரும் மூலைக்குள் விலங்கை நடக்க விடுகிறார்கள். முட்டிக்கொண்டதும் நல்ல விலங்கு இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பி வெளியே வரும். பக்கவாதம் வந்தது ஒரே பக்கமாகத் திரும்பும். இதை வீடியோ எடுத்து, எந்த விலங்குக்கு என்ன கொடுத்தார்கள் என்றே தெரியாத வேறு ஆட்கள் எண்ணினார்கள். பலன் காட்டாத சிகிச்சையை ஒவ்வொரு கட்டத்திலும் விலக்கிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் தேறியது யூரிக் அமிலம் ஒன்றுதான். மற்றவை தேறவில்லை என்பதையும் 2023-ல் அதே கட்டுரையில் அப்பட்டமாக எழுதினார்கள். நான் கேட்பது இதைத்தான், இதற்கு மேல் ஒன்றும் இல்லை. யூரிக் அமிலத்தை ஸ்பெயினில் 400 பேருக்கு மேல் முன்பே கொடுத்துப் பார்த்து, 2014-ல் அது தெளிவான பலன் காட்டவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அதன் மேல் கோட்டை கட்டவில்லை.

நெரினெடைடு மருந்தை இங்கே சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் ஒரு தோல்வியை எப்படித் திறந்து வைக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல உதாரணம். குரங்குகளில் 2012-ல் அருமையான முடிவு. 2020-ல் 1,105 பேரில் நடந்த எஸ்கேப்-என்.ஏ.1 சோதனையில் மொத்தத்தில் பலன் இல்லை. ஆனால் தரவைப் பிரித்துப் பார்த்தபோது, கட்டி கரைக்கும் ஆல்டெப்ளேஸ் போடாதவர்களில் மட்டும் பலன் இருப்பதுபோல் தெரிந்தது. காரணமும் பொருத்தமாக இருந்தது: ஆல்டெப்ளேஸ் உடலில் பிளாஸ்மின் நொதியை முடுக்குகிறது, அந்த நொதி நெரினெடைடைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. சரி, ஆல்டெப்ளேஸ் போடாதவர்களை மட்டும் வைத்து மறுபடி பார்க்கலாம் என்று எஸ்கேப்-நெக்ஸ்ட் நடத்தினார்கள். அதிலும் பலன் நிரூபணமாகவில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் ஒவ்வொரு படியிலும் என்ன நினைத்தார்கள், என்ன கிடைத்தது என்பது யாரும் படிக்கும்படி இருக்கிறது. அடுத்து வருபவர் அதே குழியில் விழ வேண்டியதில்லை.

மெக்னீசியமும் அப்படி ஒரு கௌரவமான தோல்வி. 2015-ல் வெளியான ஃபாஸ்ட்-மேக் சோதனையில் 1,700 பேருக்கு, ஆம்புலன்ஸிலேயே, பெரும்பாலோருக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்தோ போலி மருந்தோ ஏற்றினார்கள். பலன் இல்லை. ஆனால் அவ்வளவு சீக்கிரம் மருந்து கொடுக்க முடியும் என்பது அன்றுதான் நிரூபணமானது. 'தாமதமாகக் கொடுத்தோம், அதனால்தான்' என்று இனி எல்லாத் தோல்விக்கும் ஒரே சாக்கைச் சொல்ல முடியாது.

கையில் கட்டும் பட்டையைப் பற்றியும் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை போன்றதுதான். 200 மி.மீ. பாதரச அழுத்தம் வரை ஏற்றிக் கையின் ரத்த ஓட்டத்தை 5 நிமிடம் நிறுத்துவது, 5 நிமிடம் விடுவது, இப்படி ஐந்து சுற்று. கைக்கு வரும் இந்தச் சிறு பஞ்சம் மூளையைப் பெரிய பஞ்சத்துக்குத் தயார்ப்படுத்தும் என்பது எண்ணம். சீனாவில் நடந்த ரிக்காமிஸ் சோதனையில், நாளுக்கு இரண்டு முறை, 10 முதல் 14 நாள் வரை செய்ததில், 90-ம் நாளில் மிக நல்ல நிலையில் இருந்தவர்கள் 67.4 சதவீதம், செய்யாதவர்களில் 62 சதவீதம். 2022-ல் இந்தச் செய்தி வந்தபோது எல்லோருக்கும் உற்சாகம். 2023-ல் டென்மார்க்கின் ரெசிஸ்ட் சோதனை வந்தது, பலன் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசங்கள் பல உண்டு: எப்போது தொடங்கினார்கள், எத்தனை நாள் செய்தார்கள், எப்படிப்பட்ட நோயாளிகள். ஆனால் என் தணிக்கைக் கண்ணில் முதலில் பட்டது, டென்மார்க்கில் ஒப்பீட்டுக் குழுவுக்கும் பட்டை கட்டியிருந்தார்கள், அழுத்தம் மட்டும் 20தான். ரிக்காமிஸில் ஒப்பீட்டுக் குழுவுக்குப் பட்டையே கிடையாது. யார் சிகிச்சை பெறுகிறார் என்று நோயாளிக்குத் தெரியும். தினமும் இரண்டு வேளை ஒருவர் வந்து கையில் ஏதோ கட்டி, கருவி உறுமுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தால் எனக்கும் கொஞ்சம் தெம்பு வரும். அது பட்டையின் பலனா, பக்கத்தில் ஆள் இருந்த பலனா என்று பிரித்துக் காட்டுவது உங்கள் வேலை. பிரிக்காத முடிவை வைத்துக்கொண்டு கருவி விற்கக் கிளம்புபவர்களுக்கு உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள்.

விற்பனை என்றதும் சிட்டிகோலின் என்ற மருந்து நினைவுக்கு வருகிறது. 2,298 பேரிடம் நடந்த இக்டஸ் சோதனை, 2012-ல், போலி மருந்தைவிட அது மேலானதில்லை என்று காட்டியது. பல நாடுகளில் இன்றும் சீட்டில் எழுதப்படுகிறது. நோயாளியின் குடும்பம் கடன் வாங்கியாவது அதை வாங்குகிறது. இதைப் பற்றி மருத்துவர்களிடம் உரக்கப் பேச வேண்டியவர்கள் நீங்கள்தான். எங்கள் பேச்சு எடுபடாது.

அளப்பது எதை என்பதிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. உங்கள் சோதனைகளில் அதிகம் வருவது ரேங்கின் அளவுகோல். கிளாஸ்கோவில் ஜான் ரேங்கின் 1957-ல் வகுத்ததைக் கொஞ்சம் திருத்திப் பயன்படுத்துகிறீர்கள். 0 என்றால் எந்தக் குறையும் இல்லை, 6 என்றால் மரணம். என்னை 2 என்று போட்டார்கள். முன்பு செய்ததையெல்லாம் செய்ய முடியாது, ஆனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார் என்று அர்த்தம். பல சோதனைகளில் 2 வரை 'நல்ல முடிவு'. நான் உங்கள் வெற்றிக் கணக்கில் ஒருவன். ஒரு பக்கம் நிறைய எண்களைக் கூட்டச் சொன்னால் மூன்றாவது வரிசைக்கு வருவதற்குள் கையில் மிச்சம் வைத்த எண் மறந்துவிடுகிறது. மறுபடி மேலிருந்து தொடங்குவேன். நாலாவது தடவை தலை கனத்துப் படுத்துவிடுவேன். சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொள்கிறேன், குளிக்கிறேன், நடக்கிறேன், ஆகவே 2. பக்கவாதம் வந்தவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் சிகிச்சை அளிப்பவர்களையும் உட்காரவைத்து எதை ஆராய வேண்டும் என்று ஸ்காட்லாந்தில் கேட்டபோது, சிந்திக்கும் திறன், பேச்சு, களைப்பு எல்லாம் முதல் பத்துக்குள் வந்தன. சோதனையில் ஒரு மருந்து இவற்றைக் காத்ததா என்று பார்க்காமலேயே பலனில்லை என்று தூக்கிப் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு; பலன் என்று கொண்டாடியிருக்கவும் வாய்ப்புண்டு. ரேங்கின் அளவை விட்டுவிடச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்திகள் சேருங்கள்.

இப்போது என் சொந்தக் காரியம் ஒன்று.

மருத்துவமனையில் சேர்த்த அன்று, நான் பேச்சற்றுக் கிடந்த நேரத்தில், என் மனைவி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். நரம்பணுக்களைக் காக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட ஒரு மருந்தின் சோதனைக்கு அது சம்மதம். நன்றாக விளக்கித்தான் கேட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு ஏறியது மருந்தா, போலியா என்று இன்றுவரை தெரியாது. சோதனை முடிந்ததா, பாதியில் நின்றதா, முடிவு என்ன என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்டு எழுதிய கடிதத்துக்கு, அந்தப் பிரிவில் இருந்தவர் வேறு இடம் போய்விட்டார் என்று பதில் வந்தது. எங்கே என்று இங்கே எழுத மாட்டேன். ஓர் இடத்தைச் சுட்டினால் மற்ற எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள்.

மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பங்கேற்றவர்கள் எல்லோருக்கும், ஆய்வின் பொதுவான முடிவை அறிந்துகொள்ள விருப்பமா என்று கேட்டு வாய்ப்புத் தர வேண்டும் என்று அதன் 2013-ம் ஆண்டுப் பதிப்பில் இருக்கிறது. பலன் காட்டாத முடிவுகளும், இப்படியா அப்படியா என்று தெரியாத முடிவுகளும்கூட வெளியிடப்பட வேண்டும் என்றும் இருக்கிறது. புதிதாக எந்த விதியும் போடச் சொல்லி நான் கேட்கவில்லை.

முடிவைச் சொல்லும் விதத்திலும் கொஞ்சம் யோசனை வேண்டும். எங்களில் பலருக்குப் பேச்சும் படிப்பும் அடிபட்டிருக்கிறது. நாலு வரி நீளும் வாக்கியத்தை முடிப்பதற்குள் தொடக்கம் மறந்துவிடும். ஒரு பக்கம் போதும். பெரிய எழுத்து, சிறு வாக்கியங்கள். உங்களுக்குக் கொடுத்தது இது, மற்றவர்களுக்குக் கொடுத்தது இது, கிடைத்த முடிவு இது. மருந்து பலிக்கவில்லை என்றால் 'பலிக்கவில்லை' என்றே எழுதுங்கள். 'எதிர்பார்த்த இலக்கை முழுமையாக எட்டவில்லை' என்றெல்லாம் வேண்டாம். படிக்க முடியாதவர்களுக்கு அதையே யாராவது நிதானமாக வாசித்துப் பதிவு செய்த ஒலிக்கோப்பு. பங்கேற்றவர் இறந்துபோயிருந்தால் கையெழுத்துப் போட்டவருக்கு அனுப்புங்கள். என்ன முடிவாக இருந்தாலும், தான் அன்று செய்தது சரிதானா என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருப்பார்.

இதற்கு ஆகும் தபால் செலவையும் ஆள் செலவையும் சோதனைத் திட்டம் எழுதும்போதே பட்ஜெட்டில் தனி வரியாகப் போட்டுவிடுங்கள். சோதனை முடிந்த பிறகு பணம் தேடினால் கிடைக்காது. பணம் ஒதுக்கும் அமைப்புகளே, அந்த ஒரு வரி இல்லாத விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்தால், அறிவியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதைச் சேர்த்துக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சோதனைகளில் ஒன்றில் பங்கேற்றவன்